முதலில் பருப்பில் கை வைக்காதீர்கள்

மளிகைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பருப்பையும் முட்டையையும் குறைத்துவிட்டு, தலைசுற்றலும் அசதியுமாக வந்து நிற்பவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். கடைசியாக வந்தவர் இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார அமைப்பின் அளவுகோல். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டைச் சரிசெய்ய என்னிடம் அனுப்பியிருந்தார்.

விலை ஏறியதும் எதையெல்லாம் குறைத்தீர்கள் என்று கேட்டேன். பருப்பு பாதியாகிவிட்டது. முட்டை பிள்ளைகளுக்கு மட்டும். கீரையும் பழமும் எப்போதாவது. குறைக்காதவை எவை? பிஸ்கட், வறுவல் பாக்கெட், பாட்டில் பானம், பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் சத்து பானப் பொடி, கணவருக்குப் புரதப் பவுடர்.

"அதெல்லாம் சத்துக்காக வாங்குறது மேடம், அதுல எப்படிக் கை வைக்கிறது?" என்றார்.

இந்த எண்ணத்தோடுதான் எனக்குத் தினமும் போராட்டம். சத்துள்ளது என்றால் விலை கூடியது, டப்பாவில் வருவது, விளம்பரத்தில் காட்டுவது. பருப்பும் கீரையும் வயிற்றை நிரப்ப மட்டுமே. படித்தவர்கள், படிக்காதவர்கள், வசதியுள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் பணம் நெருக்கும்போது கத்தி தவறான இடத்தில் விழுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். அவ்வளவுதான். இப்போது சாதாரண வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள். அரிசி, கோதுமை போன்ற தானியம் நாள் முழுவதுக்கும் 300 கிராம் என்றால் அதிலேயே 21 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. தானியத்தில் புரதமே இல்லை என்று நினைப்பவர்கள் இந்த வரியை மறுபடி படிக்கவும். காய்ந்த பருப்போ பயறோ 75 கிராம் சேர்த்தால் 17 கிராம் அளவுக்கு. ஒரு முட்டையில் 6 கிராம். கால் லிட்டர் பாலில் 8 கிராம். கூட்டிப் பாருங்கள், 50-ஐத் தாண்டிவிட்டது. இதில் பவுடருக்கு எங்கே வேலை? வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதியவர்கள், கடும் உடற்பயிற்சி செய்பவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்குத் தேவை இதைவிடக் கூடும். அவர்களில் பெரும்பாலோருக்கும் முதல் வழி தட்டில் இன்னும் ஒரு கரண்டி பருப்பு, இன்னும் ஒரு முட்டை.

அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "பருப்புல இருக்கிற புரதம் முழுமையானது இல்லையாமே?" தனியாகப் பார்த்தால் அதில் ஓரளவு உண்மை உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகள் கோத்து உருவானது. பருப்பு, பயறு வகைகளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஆனால் ஒன்றில் குறைவது மற்றதில் தாராளமாக இருக்கிறது. இரண்டையும் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை தானாகவே நிரம்பிவிடும். ஒரே வேளையில், ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். உலகத்தின் பல மூலைகளில் மக்கள் தானியத்தையும் பயறையும் சேர்த்துச் சாப்பிட்டுத் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கிறார்கள். ஐ.நா. 2016-ஐப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்ததும், பிப்ரவரி 10-ஐ உலகப் பயறு நாளாக வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை.

இனி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எழுதியிருப்பது விளம்பரம், படிக்க வேண்டியது பின்பக்கம். உட்பொருள்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்துவிட்டால் நீங்கள் பெரும்பாலும் சர்க்கரையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் போன்ற பெயர்களும் கிட்டத்தட்ட அதே வகைதான்.

விலையை ஒப்பிட ஒரு கணக்கு சொல்கிறேன். 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று அட்டையில் போட்டிருக்கும். அதை வைத்து முழு பாக்கெட்டிலும் எவ்வளவு புரதம் என்று கண்டுபிடித்து, விலையை அதால் வகுத்துவிடுங்கள். அரை கிலோ பானப் பொடியில் 100 கிராமுக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால் மொத்தமே 50 கிராம்தான். அரை கிலோ பருப்பில் ஏறத்தாழ 110, 120 கிராம். நிலக்கடலையிலும் அதே அளவு. பாக்கெட் சோயா உருண்டையில் அதைப்போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டவர்கள் என்னிடம் திரும்பவும் வாதாடியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய்ந்த பருப்பை வேகவைத்த கோழிக்கறியோடு ஒப்பிடக் கூடாது. பருப்பு வெந்ததும் தண்ணீரை இழுத்து இரண்டு மடங்குக்கும் மேல் எடை கூடும், 100 கிராமில் 9 கிராம் அளவுக்குத்தான் புரதம் நிற்கும். ஒப்பிடுவதென்றால் இரண்டையும் சமைத்த நிலையில் ஒப்பிடுங்கள். இணையத்தில் சுற்றும் அட்டவணைகளில் பாதி இந்தத் தவறைச் செய்கின்றன.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் 280 கோடிப் பேருக்கு ஆரோக்கியமான உணவு வாங்கும் வசதியே இல்லை. அவர்களுக்குக் கணக்கு தெரியாதது பிரச்சினை இல்லை, வருமானம்தான் பிரச்சினை. அவர்களிடம் சிக்கனக் குறிப்பு சொல்லும் துணிவு எனக்கில்லை. நான் பேசுவது பணம் செலவாகியும் சத்து வந்து சேராத வீடுகளைப் பற்றி.

அந்த வீடுகளில் பணம் போகும் இன்னொரு வாசல் குப்பைத்தொட்டி. 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவகங்களும் கடைகளும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. தள்ளுபடி என்று அள்ளி வந்த காய் அழுகினால் அது தள்ளுபடி இல்லை, நஷ்டம். வாரத்துக்கு ஒருமுறை வாங்குகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் பிரிட்ஜைத் திறந்து, முதலில் கெடப்போவது எது என்று பாருங்கள். வரும் இரண்டு நாள் சமையல் அதை வைத்து. மிச்சத்துக்குத்தான் பட்டியல். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். இரண்டு அளவுப் பாக்கெட்டுகள் இருந்தால் கிலோவுக்கு என்ன விலை என்று பாருங்கள், பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எப்போதும் சொல்ல முடியாது. விலை மாறாமல் உள்ளே எடை குறைந்திருப்பதும் நடக்கிறது.

மொத்தமாக வாங்குவது காய்ந்த பொருள்களுக்கு மட்டும் சரிப்படும், அதுவும் ஈரமும் பூச்சியும் அண்டாமல் வைக்க இடமிருந்தால். கீரையை ஈரம் போகத் துடைத்து, துணியிலோ தாளிலோ சுற்றி வையுங்கள். ஆப்பிள், பழுத்த வாழைப்பழம், தக்காளி இவை விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும், தள்ளி வையுங்கள். உருளைக்கிழங்கை வெங்காயத்தோடு சேர்த்துப் போடாமல் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உறைய வைத்த காய்கறி சத்தில்லாதது என்பதும் தவறான நம்பிக்கை. பறித்த சில மணி நேரத்தில் உறைய வைத்தது, ஒரு வாரம் வாடிக் கிடந்த காயைவிடப் பல சமயம் மேல். பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காய்க்கும் விலை கூடிய வெளிநாட்டுக் காய்க்கும் உங்கள் உடலுக்கு வேறுபாடு தெரியாது. வேண்டியது நாளைக்கு 400 கிராம் காயும் பழமும்.

தேதியிலும் குழப்பம் இருக்கிறது. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவையும் தரமும் பற்றியது. பாக்கெட் பிரிக்காமல், நன்றாக இருந்தால் மறுநாளே தூக்கிப் போட வேண்டியதில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பு பற்றியது, அதை மீறாதீர்கள்.

சிக்கனம் என்ற பெயரில் ஆபத்தை விலைக்கு வாங்கும் பழக்கங்களும் உண்டு. பூஞ்சை பிடித்த நிலக்கடலையை, தானியத்தை, பயறைக் கழுவி வறுத்துச் சாப்பிடாதீர்கள். அதிலிருக்கக் கூடிய அஃப்ளாடாக்சின் கல்லீரலுக்கு நஞ்சு, வீட்டு அடுப்பின் சூட்டில் போகாது. தூக்கிப் போடுங்கள், இதில் மட்டும் வருத்தப்படாதீர்கள். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். சோற்றில் இது இன்னும் முக்கியம், வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் முளைத்து நஞ்சு விடும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. சிவப்புக் கிட்னி பீன்ஸை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்க விட்டு வேகவையுங்கள். அரைவேக்காடாகச் சாப்பிட்டு வாந்தியோடு வருபவர்கள் இருக்கிறார்கள்.

இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு, காசு செலவில்லாத ஒரு வழி. பயறு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சையோ தக்காளியோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளுங்கள், வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற வைக்கும். தேநீரையும் காபியையும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பயறை ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இன்னும் நல்லது. ரத்தசோகை முற்றியவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

சிறுநீரக நோயாளிகள் நான் மேலே சொன்ன பருப்பு, முட்டைக் கணக்கைத் தாங்களாகவே பின்பற்றக் கூடாது. அவர்களுக்குப் புரதமும் பொட்டாசியமும் ஆளுக்கு ஆள் மாறும். அவர்களைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

இன்னொன்று, கேட்டாலே எனக்குப் பதறும். கைக்குழந்தையின் பால்மாவு சீக்கிரம் தீர்கிறது என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறார்கள். குழந்தை எடை ஏறாமல் போவதோடு முடியாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். டப்பாவில் எழுதிய அளவுக்கு ஒரு கரண்டி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தாய்ப்பால் கொடுக்க முடிகிறவர்கள் முதல் 6 மாதம் அதை மட்டுமே கொடுங்கள், அதற்கு ஈடான மாவு எந்த விலையிலும் இல்லை. மாவு கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் வாங்க முடியவில்லை என்றால், அதைக் குழந்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்காக உங்களை யாரும் குறைவாக நினைக்க மாட்டோம். தண்ணீர் கலந்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால்தான் எங்களால் உதவ முடியாமல் போகிறது.