சும்மா பாக்கெட்ல கிடக்குற போனுக்கு எப்படி இவ்ளோ தெரியுது?

கால் வந்தா போனை காதுல வைக்கிறோம், ஸ்கிரீன் தானா ஆஃப் ஆயிடுது, எடுத்தா திரும்ப வருது. நிறைய போன்ல இதுக்குன்னே மேல் ஓரத்துல ஒரு குட்டி இன்ஃப்ராரெட் லைட், அதாவது நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடுற லைட் இருக்கும், அந்த வெளிச்சம் கன்னத்துல பட்டு திரும்பி வருதான்னு பாக்கும், அவ்ளோதான் விஷயம். இது இல்லேன்னா பேசிட்டிருக்கும்போதே கன்னம் பட்டு கால் கட் ஆயிடும். இப்படி நாம ஒண்ணும் சொல்லாமலே நம்ம நிலவரத்தை மெஷின் கண்டுக்கறதுக்குப் பேரு கான்டெக்ஸ்ட் அவேர்னஸ், தமிழ்ல சூழல் உணர்தல்னு சொல்லலாம்.

அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் (PARC) ஆராய்ச்சி லேப்ல இருந்த மார்க் வைசர் 1991லயே எழுதிட்டாரு, கம்ப்யூட்டர் எல்லாம் சுவரு மேசைன்னு கலந்து கண்ணுக்கே தெரியாம போயிடணும்னு. நல்ல ஐடியாதான், ஆனா ஒரு ரூமுக்குள்ள நூறு கம்ப்யூட்டர் இருந்து நூறும் "என்ன வேணும், என்ன வேணும்"னு கேட்டா மனுஷன் என்ன ஆவான்? அதுங்களாவே புரிஞ்சுக்கிட்டாதான் கட்டுப்படி ஆகும்.

கிட்டத்தட்ட அதே சமயம் இங்கிலாந்துல, கேம்பிரிட்ஜ்ல இருந்த ஒலிவெட்டி கம்பெனியோட ஆராய்ச்சி லேப்ல ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் எல்லாம் சேர்ந்து ஆக்டிவ் பேட்ஜ்னு ஒண்ணு பண்ணாங்க. சட்டையில மாட்டிக்கணும், 15 செகண்டுக்கு ஒரு தடவை இன்ஃப்ராரெட்ல தன் நம்பரை அனுப்பும், ரூம்ல இருக்குற சென்சார் அதை பிடிச்சுக்கும், ஆளு எந்த ரூம்ல இருக்காருன்னு பாத்து போன் காலை அங்கயே திருப்பி விடுவாங்க. இன்ஃப்ராரெட் சுவரைத் தாண்டாதுங்கறது குறை மாதிரி தெரியும், ஆனா அதாலதான் பக்கத்து ரூமா இந்த ரூமான்னு குழப்பமே வரல. எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, இருட்டுல வச்சா அது சிக்னல் அனுப்புறதையே குறைச்சுக்கும், ராத்திரி டிராயர்ல போட்டா பேட்டரி மிச்சம்.

ஆனா ஒண்ணு, பேட்ஜை மேசையில கழட்டி வச்சிட்டு டீ குடிக்கப் போனா? அதுக்கு தெரிஞ்சது பேட்ஜ் இருக்குற இடம், ஆளு இருக்குற இடம் இல்ல.

இன்னிக்கு போன்லயும் இதே கதைதான். ஆக்ஸிலரோமீட்டர்னு அசைவை அளக்குற ஒரு சென்சார் உள்ள இருக்கு, அதுல வர்ற குலுக்கலை வச்சு நடக்குறோமா ஓடுறோமான்னு சொல்லிடும், நடைக்குன்னு ஒரு தாளம் இருக்குல்ல. ஜிபிஎஸ்ல வேகத்தையும் சேர்த்துப் பாத்து வண்டியில போறோம்னும் சொல்லிடும். ஓட்டுறது யாருன்னு மட்டும் அவ்ளோ லேசுல தெரியாது. போன மாசம் பஸ்ல ஜன்னல் சீட்ல தூங்கிட்டு வந்தேன், என் போன் டிரைவிங் மோடுக்கு போய் கால் எல்லாத்தையும் அமுக்கிடுச்சு, வீட்ல இருந்து ஏழு மிஸ்டு கால். "பஸ்ஸை நான் ஓட்டலம்மா"ன்னு சொன்னா அம்மா நம்பவே இல்ல.