அன்னா ஆடிய அன்னம்

பழைய ஊமைப்படத் துணுக்கு ஒன்று இருக்கிறது. வெள்ளை இறகு உடையில் ஒரு பெண் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறார். நடக்கிறார் என்றே சொல்ல முடியாது. குளத்தில் அன்னம் போவது போல வழுக்கிக்கொண்டு போகிறார். தலை கொஞ்சம்கூட ஏறி இறங்குவதில்லை. மூன்று நிமிடம் ஆவதற்குள் அந்த அன்னம் மடங்கிச் சரிந்து உயிரை விட்டுவிடுகிறது. ரஷ்ய நடன அமைப்பாளர் மிகைல் ஃபோக்கின் அமைத்த ‘இறக்கும் அன்னம்’ என்ற பாலே நடனம் அது; ஆடுபவர் அன்னா பாவ்லோவா. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கால்கள் என்ன செய்கின்றன?

அன்னா 1881-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குறைமாதத்தில் பிறந்தவர். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். 10 வயதில் இம்பீரியல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் மெலிந்த கணுக்காலும் வில்லாக வளைந்த பாதமும் அன்றைய பார்வையில் குறைகள். பியரினா லெக்னானி போன்ற இத்தாலியக் கலைஞர்கள் உரமேறிய கால்களோடு, ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 சுற்றுச் சுற்றி அரங்கை அதிரவைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சாகசத்தை மற்றவர்களுக்கு விட்டுவிடு, உன் மென்மைதான் உன் பலம் என்ற பொருளில் ஆசிரியர் பாவெல் கெர்ட் அவருக்கு அறிவுரை சொன்னார்.

பாலே என்ற ஐரோப்பிய நடனத்தில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவார்கள். சரி, விரல் நுனியில் நிற்பது எவ்வளவு கடினம்? ஒரு கணக்குப் போடுவோம். 45 கிலோ எடையுள்ள பெண் வெறுங்காலில் நிற்கும்போது இரண்டு பாதங்களும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர செ.மீ.க்குக் கால் கிலோகூட வராது. அவரே ஒற்றைக்கால் நுனியில், 10 சதுர செ.மீ. பரப்பில் நின்றால் அது நாலரை கிலோ ஆகிவிடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு!

இதைத் தனியாக விரல் எலும்புகள் தாங்க வேண்டியதில்லை, அதற்குத்தான் காலணி. அதன் முனை, பசை தடவிய துணி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்த கெட்டியான கூடு. மேலே பட்டுத்துணி. புனலுக்குள் எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது அடியில் போய் நிற்காமல் சுவர்களில் மாட்டிக்கொள்ளும் அல்லவா? பாதத்தின் முன்பகுதியும் இந்தக் கூட்டுக்குள் அப்படித்தான் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கப்படுகிறது. எடையில் ஒரு பங்கு விரல் நுனிக்கு வராமல் சுவர்களுக்குப் போய்விடுகிறது. உள்ளங்காலுக்கு அடியில் ஒரு விறைப்பான பட்டை; பாதம் நொடித்துக்கொள்ளாமல் காப்பது அது.

பாவ்லோவாவுக்கு இது போதவில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால், விரல் நுனி வரை ஒரே நேர்கோட்டில் இருந்தால் எடை நேராகக் கீழே இறங்கும். பாதம் மிகவும் வளைந்திருந்தால் அந்தக் கோடு விரல்களைத் தாண்டி முன்னால் போய்விடும். தசைகள் விடாமல் இழுத்துப் பிடித்தாக வேண்டும். அதனால் அவர் காலணியின் அடிக்குக் கெட்டியான தோல் வைத்தார், முனையைத் தட்டையாக்கி இறுக்கினார். இது ஏமாற்று வேலை என்று சிலர் பேசினார்கள். புகைப்படங்களில் அந்த அகன்ற முனையைத் திருத்திக் கூர்மையாகக் காட்டியதும் உண்டு. எனக்கு இதில் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. தன் உடலைத் தானே படித்து, அதற்கேற்ற கருவியைத் தானே செய்துகொண்ட ஒரு பொறியாளரைத்தான் பார்க்கிறேன். இன்றைய பாலே காலணிகளும் அந்த வழியில்தான் வந்திருக்கின்றன.

அப்புறம் அந்த வழுக்கல். காம்பஸை விரித்தால் அதன் தலை தாழும், மூடினால் உயரும். நம் நடையும் அப்படித்தான். கால் நீளம் 80 செ.மீ., ஓர் எட்டின் (காலடியின்) நீளம் 60 செ.மீ. என்று கொண்டு பிதாகரஸ் விதியைப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வோர் எட்டிலும் இடுப்பு சுமார் 6 செ.மீ. ஏறி இறங்க வேண்டும். முழங்கால் மடங்குவதால் நிஜத்தில் இது குறையும். இப்போது எட்டை 10 செ.மீ. ஆக்குங்கள். ஏற்ற இறக்கம் 2 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது! எட்டை ஆறில் ஒரு பங்காக்கினால் அசைவு முப்பதில் ஒரு பங்குக்கும் குறைகிறது. அன்னத்தின் ரகசியம் இதுதான்: நுனிக்காலில், படபடவென்று வைக்கும் குட்டிக் குட்டி எட்டுகள். உடல் எந்தப் பக்கம் சாயத் தொடங்கினாலும் அடுத்த எட்டு அதற்கு அடியில் போய் நின்றுவிடும். ஓடும் சைக்கிள் நிற்கும் சைக்கிளைவிட எளிதில் விழாமல் இருப்பது போல.

அந்தக் கால்களோடு அவர் உலகம் சுற்றினார். 1922-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1931 ஜனவரி 23 அன்று ஹேக் நகரில், 50 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது, நுரையீரல் உறை அழற்சியால் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஆஸ்திரேலியா போகும் கப்பலில், பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அவரைச் சந்தித்திருந்தார். பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலேயும் கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று பாவ்லோவா சொன்னது அவர் மனதில் தங்கியது. ருக்மிணி தேவி எடுத்துக்கொண்ட பரதத்தில் நிலை நேர்மாறு: முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி நிற்கும் அரைமண்டியில் உடலின் எடைமையம் தாழ்கிறது, பாதம் முழுக்கத் தரையில் பதிகிறது, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவில் அந்தத் தரையே ஒலிக்கிறது.