மாடித்தோட்டத் தளை: நார்க்கட்டியில் நாற்று பிடிக்க

தமிழக அரசின் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை தரும் மாடித்தோட்டத் தளை, அதாவது மாடியில் காய்கறி வளர்க்க வேண்டிய பொருட்களின் தொகுப்பு, நகரத்து வீடுகளுக்கானது. முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் 2021-ல் இது அறிவிக்கப்பட்டபோது 900 ரூபாய் தளைக்கு முக்கால் பங்கு மானியம் போக 225 ரூபாய் கட்டினால் போதும் என்றிருந்தது. ஒருவருக்கு அதிகபட்சம் 2 தளை கொடுத்தார்கள். மானிய விகிதம் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விண்ணப்பிக்கும் நாளில் துறையின் இணையதளம் காட்டும் தொகைதான் கணக்கு. பதிவுக்கு ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் வேண்டும். இணையம் பழக்கமில்லாதவர்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். ஒதுக்கீடு இருக்கும்வரைதான் தருவார்கள், அதனால் இருப்பு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

நெல்லை மாவட்டத்தில் மானூர், களக்காடு பக்கம் புறவாசலில் மண் உள்ளவர்களுக்கு இந்தத் தளை தேவையே இல்லை. அதே திட்டத்தில் ஊரகத்துக்கென 12 வகைக் காய்கறி விதைகள் 15 ரூபாய்க்கு வந்தன. அவர்களுக்கு அதுதான் லாபம்.

தளைக்குள் இருப்பவை: 6 வளர்ப்புப் பைகள், 2 கிலோ தென்னை நார்க்கட்டி 6, காய்கறி விதை 6 பாக்கெட், அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவுமாக உயிர் உரம் 400 கிராம், வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பெண்ணெய் சார்ந்த பூச்சிக்கொல்லி 100 மில்லி, ஒரு கையேடு. இல்லாதது எரு. பைக்கு 2 கிலோ மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கோடு நீங்களேதான் வாங்க வேண்டும். நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். தளையில் வந்ததை மட்டும் நம்பி நட்டால் பதினைந்து நாளில் அடியிலைகள் மஞ்சளாகும்.

ஒரு கட்டிக்கு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டால் ஏறக்குறைய 25 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். ஒரு பைக்கு அது போதும், ஆகவே பைக்கு ஒரு கட்டி என்ற கணக்கு சரிதான். உதிர்த்ததை அப்படியே பையில் கொட்டிவிடாதீர்கள். தென்னை நாரில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இயல்பாகவே உண்டு. டப்பில் தண்ணீர் நிரப்பிக் கலக்கி, சல்லடைத் துணியில் பிழிந்து, மூன்று முறையாவது அலச வேண்டும். முதலில் கட்டன் சாயா நிறத்தில் வடியும், வெளிர் மஞ்சளானதும் நிறுத்தலாம். எந்தத் தண்ணீரில் அலசுகிறோம் என்பதும் முக்கியம். பாளையங்கோட்டையில் குழாயில் வரும் தாமிரபரணி தண்ணீர் இதற்கு அருமையானது. ராதாபுரம், திசையன்விளை பக்கத்துச் சவர் போர் தண்ணீரில் பத்து தடவை அலசினாலும் உப்பு போகாது, ஏறும். அங்கே குடிதண்ணீரிலோ பிடித்துவைத்த மழைநீரிலோ அலசுங்கள்.

அலசிய நாரில் இரண்டு கைப்பிடி எடுத்து நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பைக்கு ஒரு டஜன் நாற்று போதும், அடியில் ஓட்டை போட்ட காகிதக் கப்புகளே தாராளம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும்தான் நாற்று விட்டு நட வேண்டியவை. வெண்டையும் கொத்தவரையும் பையிலேயே ஊன்ற வேண்டியவை, பிடுங்கி நட்டால் வேர் அறுந்து நின்றுவிடும். தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30, மிளகாய்க்கு 35 முதல் 40. நாள் தாண்டிய நாற்று கப்புக்குள் வேர் சுற்றிக் கிடக்கும், நட்டாலும் பக்கவேர் விடாது.

மீதி நாரோடு எருவையும் புண்ணாக்கையும் கலந்து, மூன்று நுண்ணுயிர் மாவுகளிலும் பைக்கு 30 கிராம் வீதம் சேர்த்து, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வையுங்கள். பையின் வாயில் 5 சென்டிமீட்டர் விட்டு நிரப்புங்கள். நடுகிற நேரம் மாலை ஐந்துக்கு மேல். கப்பைக் கிழித்து, வேர்க்கட்டி உடையாமல் குழியில் இறக்கி, விரலால் லேசாக அணைத்தால் போதும். மண்ணை மிதிக்கிறமாதிரி அழுத்தினால் நாரில் காற்று போய் வேர் மூச்சுத் திணறும். தக்காளியை மட்டும் முதல் இலை வரை புதைக்கலாம், தண்டிலும் வேர் விடும். நான்கு நாளைக்கு மேலே பழைய வேட்டியைக் கட்டி நிழல் கொடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் நட்டால் அன்றைக்கே குச்சி ஊன்றிக் கட்டிவிட வேண்டும்.

இந்த முறையில் செடிகள் அதிகம் சாவது தண்ணீர் குறைந்தல்ல, கூடி. மேலே நார் வெளிறிக் காய்ந்து தெரியும், இரண்டு விரல்கடை கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். பையைச் செங்கல் மேல் வைத்தால் தட்டட்டிச் (மொட்டைமாடி) சூடும் ஏறாது, வடிகால் ஓட்டையும் அடைபடாது. நனைந்த பை ஒன்று 15 கிலோவுக்கு மேல் வரும். பழைய மட்டப்பா (தட்டையான கூரை) வீட்டில் நடுவில் அடுக்காமல் சுவரோரமாக வையுங்கள்.

நாரின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் உப்பு ஏறுகிறது. நல்ல தண்ணீர் 10 லிட்டர் ஊற்றி வடிய விடுங்கள். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகினால் நோய் என்று மருந்தடிக்க ஓட வேண்டாம். நார் சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) பிடித்து வைத்துக்கொள்வதும், தண்ணீர் ஒருநாள் கூடி ஒருநாள் குறைவதுமே காரணம். லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். அழுகிய காய் தேறாது, அடுத்து வருபவை நன்றாக இருக்கும்.

காய்ப்பு ஓய்ந்ததும் நாரைக் கொட்டிவிட வேண்டாம். வேரைப் பொறுக்கிவிட்டு, ஒருமுறை அலசி, புது எரு சேர்த்தால் இன்னும் இரண்டு போகம் தாங்கும். தக்காளி நின்ற பையில் கத்தரியோ மிளகாயோ வைக்காமல் கீரையோ வெண்டையோ போடுங்கள்.