பெல்ட் என்னும் கச்சை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீடு எழும்புகிறது. சுவர் நிலை உயரத்தைத் தொட்டதும் கொத்தனார் கேட்பார்: "அண்ணாச்சி, பெல்ட்டைச் சுற்றிலும் ஓட்டவா, நிலைக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் போடவா?" அண்ணாச்சி கம்பி விலையை மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "மேலே மட்டும் போதும்" என்பார். அதன் பிறகு அங்கே போடப்படுவது பெல்ட் அல்ல, லிண்டல். வாசலின் மேல் சுமையைத் தாங்கும் துண்டு உத்திரம், அவ்வளவுதான்.

செங்கல் சுவரே சுமை தாங்கும் வீட்டில், எல்லாச் சுவர்களின் மீதும் இடையில் அறுபடாமல் ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும் கம்பிக் கான்கிரீட் பட்டைதான் பெல்ட். பேஸ்மட்டத்தில் ஒன்று, நிலை மட்டத்தில் ஒன்று, ஓட்டுக்கூரை என்றால் கூரைக்குக் கீழே இன்னொன்று. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் தளமே மேல் பெல்ட்டின் வேலையைச் செய்துவிடும்.

லத்தீனில் வாள் தொங்கவிடும் இடைவாருக்குப் பால்டெயுஸ் என்று பெயர். அது ஆங்கிலத்தில் பெல்ட் ஆகி, நம் ஊருக்குக் கால்சட்டையோடும் மாவு மில்லோடும் வந்து, பிறகு சாரத்தில் ஏறியது. பொறியியல் நூல்கள் 'பேண்ட்' என்கின்றன. கொத்தனார்கள் பெல்ட் என்கிறார்கள். என்னைக் கேட்டால் கொத்தனார் சொல்லே மேல். இறுக்கிப் பிடிப்பது என்ற பொருள் அதில்தான் இருக்கிறது.

இறுக்கம் எதற்கு? 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 6.2 அளவு நிலநடுக்கம். இமயமலைக்காரர்களுக்கு அது நடுத்தரமானது. கில்லாரியிலோ உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர்கள். மேலே மரச்சட்டத்தின் மீது கனத்த மண் கூரை. சுவர் தன் நீளவாட்டில் வரும் அசைவைத் தாங்கும், குறுக்கே தள்ளினால் சாயும். மூலையில் சுவரும் சுவரும் விரிந்து பிரிந்தபின் ஒன்றுக்கொன்று துணையில்லை. பெல்ட் ஓடியிருந்தால் நான்கு சுவரும் ஒரே பெட்டியாக ஆடும்.

அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் கில்லாரி இருந்தது முதல் மண்டலத்தில், அதாவது ஆபத்து மிகக் குறைவு என்று குறிக்கப்பட்ட இடத்தில். 2002 திருத்தத்தில் அந்த முதல் மண்டலத்தையே நீக்கிவிட்டார்கள். திருத்திய அந்த வரைபடத்தில் நெல்லைச் சீமையின் பெரும்பகுதி இரண்டாம் மண்டலம், அதாவது மிஞ்சியவற்றில் ஆபத்து மிகக் குறைந்தது. "தாமிரபரணிக் கரையில் நிலநடுக்கமா?" என்று சிரிப்பவர்களிடம் நான் கில்லாரியின் பழைய எண்ணைத்தான் சொல்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பட்டை என்றால் பொருள் விளங்கும். ஆனால் மரப்பட்டை முதல் நெற்றிப்பட்டை வரை அதற்கு வேலை அதிகம். சிற்பிகளிடம் பட்டிகை என்றொரு சொல் உண்டு. கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தின் மேல் விளிம்பில் சுற்றி ஓடும் கல்வரி அது. அகராதியில் மேகலை என்ற பொருளும் அதற்கு இருக்கிறது. அழகான சொல்தான். ஆனால் கல்வரி இழுவிசையைத் தாங்காது. பெல்ட்டின் உயிரோ இழுவிசையில் இருக்கிறது, கம்பி அதற்காகத்தான்.

என் வாக்கு கச்சைக்கு. சுடலைமாடன் கொடையில் சாமியாடி சல்லடமும் கச்சையும் கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. உடலைச் சுற்றி வந்து முடிச்சில் இறுகினால்தான் கச்சை. முன்பக்கம் மட்டும் ஒட்டவைத்த துணிக்கு அந்தப் பெயர் இல்லை. அடிக்கச்சை, நிலைக்கச்சை, கூரைக்கச்சை என்று மூன்றையும் பிரித்துச் சொல்லலாம். முடிச்சு விழும் இடம் மூலை. ஒரு சுவரின் கம்பியை மூலையோடு வெட்டி நிறுத்தாமல், வளைத்து அடுத்த சுவருக்குள் நீளமாக ஓட்ட வேண்டும். நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் குறுக்கு ரிங் 150 மில்லிமீட்டருக்கு ஒன்று. கான்கிரீட் போடும் முன் அண்ணாச்சி ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டியது அந்த நான்கு மூலைகளைத்தான்.