பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும்போது கடையில் யார் முடிவெடுப்பது?

போர் பார்த்த மாவட்டங்களில் வியாபாரிகளிடம் இராணுவச் சிந்தனை என்று பேச்செடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் முடிவெடுப்பதற்குப் படைகள் வைத்திருக்கும் சில நடைமுறைகள், மட்டக்களப்பு, அம்பாறையின் மொத்தக் கடைக்கும் நெல் ஆலைக்கும் நன்றாகவே பொருந்துகின்றன.

எதிரியின் பிரதான படையைச் சந்தித்த பிறகு எந்தத் திட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது என்பது 19ஆம் நூற்றாண்டின் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயின் கருத்து. அந்தப் படை அதற்குக் கண்ட வழி எளியது. எதைச் சாதிக்க வேண்டும், ஏன் என்பதை மேலதிகாரி சொல்வார். எப்படி என்பது களத்தில் நிற்பவரின் பொறுப்பு.

கிரான் பாலத்துக்கு அப்பால் உங்களுக்கு ஒரு கிளை இருக்கிறது என்று வையுங்கள். மாரியில் வெள்ளம் வந்தால் அங்கே போகப் படகுதான். போனும் எடுபடாமல் போகலாம். ‘நிலைமையைப் பார்த்துச் செய்’ என்று சொல்லிவிட்டு வந்தால் கிளைப் பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார். அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: பாதை மூடிய 10 நாளும் அரிசி, மா, சீனி, பால்மா தீரக் கூடாது, விலை ஏற்றக் கூடாது, பழைய வாடிக்கையாளருக்கு 10,000 ரூபாய் வரை கடன் கொடுக்கலாம், அதற்கு மேல் என்றால் மட்டும் கேட்க வேண்டும். எழுதியதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும். இது கெட்டுப்போவது பெரும்பாலும் பிறகுதான். எல்லைக்குள் நின்று அவர் எடுத்த முதல் முடிவுக்கே முதலாளி எல்லோர் முன்னாலும் ஏசிவிடுவார். அதன் பின் அந்தக் கடையில் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

அடுத்தது கையிருப்புப் படை. எல்லாப் படையையும் முதல் நாளே களத்தில் இறக்குவதில்லை. நம் ஆலைகளோ பெரும்போக அறுவடையில் விலை இறங்கியதும் கைக்காசு, ஓவர் டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடும் கடன்) எல்லாவற்றையும் நெல்லில் போட்டுவிடுகின்றன. எதிர்பாராத அடி எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் 2 கோடி ரூபாய் கடன் இருந்து, அந்த ஏற்றம் முழுவதும் அதில் விழுந்தால், ஆண்டுக்கு 14 லட்சம் கூடுதல். சம்பளம், வாடகை, மின்கட்டணம், கடன் தவணை ஆகியவற்றைக் கூட்டி, குறைந்தது இரண்டு மாதத் தொகையை வேறு கணக்கில் வையுங்கள். எடுக்காத ஓவர் டிராஃப்டைக் கையிருப்பாக எண்ண வேண்டாம். நெருக்கடியில் வங்கி முதலில் சுருக்குவது அதைத்தான். கையிருப்பை ஒவ்வொரு ஓட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால், தொழில் நின்றுபோகும் இடத்துக்குக் காசு இராது.

எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் மழைக்கு முன்பே தீர்மானியுங்கள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறப்பதாக அறிவித்தால், கீழ் அடுக்கு மூடைகள் மேலே போக வேண்டும். மன்னம்பிட்டிப் பக்கம் வீதியில் நீர் ஏறினால், கொழும்பு லொறிக்குக் காத்திராமல் இருக்கும் சரக்கைப் பங்கிட வேண்டும். படைகளில் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: மூன்றில் ஒரு பங்கு மேலிடத்துக்கு, மீதி கீழே உள்ளவர்களுக்கு. புயல் எச்சரிக்கைக்குப் பின் 36 மணிநேரம் இருந்தால், முதலாளி யோசிக்க 12 மணிநேரம்தான். 30 மணிநேரம் யோசித்துவிட்டு ஆட்களை இரவில் மூடை தூக்க விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒரு இடத்தில் இந்தச் சிந்தனை பொருந்தாது. பக்கத்துக் கடைக்காரர் எதிரி இல்லை. கல்முனை பஜாரில் சரக்கு தீர்ந்த நாளில் இரண்டு மூடை மாற்றித் தருபவரும் அவர்தான்.

வெள்ளம் வடிந்து இரண்டு நாளுக்குள் எல்லோரும் உட்கார்ந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவது. முதலில் பேச வேண்டியவர் கடையின் ஆக இளைய பொடியன். முதலாளி வாய் திறந்தபின் அவன் உண்மை சொல்ல மாட்டான். அந்தத் தாளை அடுத்த ஒக்டோபரில், மழைக்கு முன்பு எடுத்து, கிளைக்கு எழுதிய அரைப் பக்கத்தைத் திருத்துங்கள்.