நாற்சக்கர இழுவை

தண்டையார்பேட்டையில் கையில் திணித்த ஒரு கார் துண்டறிக்கையில் 'நான்கு சக்கர ஓட்டுநர் வசதி' என்று அச்சடித்திருந்தது. எஞ்சின் விசை நாலு சக்கரத்துக்கும் போகும் ஃபோர் வீல் டிரைவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

டிரைவ் என்பதன் பழைய பொருள் முன்னே விரட்டுவது, மாடு ஓட்டுவது போல. நம் 'ஓட்டு'ம் அதே வகைதான், ஓடு என்பதன் பிறவினை. ஆனால் இன்று வண்டியை ஓட்டுவது ஆள். இங்கே கேள்வி, எஞ்சின் விசை எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்பது.

'நாற்சக்கர உந்து' என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பேருந்து, மகிழுந்து என்று உந்தை வண்டிக்கே பெயராக்கிவிட்டோம். அப்புறம் நாற்சக்கர உந்து என்றால் நாலு சக்கர வண்டி என்றுதானே காதில் விழும்? ஆல்ட்டோவுக்கும் நாலு சக்கரம்தான், விசை போவதோ முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும். 'உந்துகை' என்று திருத்தலாம். எந்த மெக்கானிக் வாயில் அது வரும்?

எங்கள் பக்கம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: இழுவை. பார்வை, போர்வை போல இழு + வை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மேடு ஏறத் திணறினால் 'வண்டி இழுக்கல' என்கிறோம். பின்சக்கரம் தள்ளத்தானே செய்கிறது, இழுவை எப்படிப் பொருந்தும் என்று ஒரு நண்பர் மடக்கினார். பைக்கிலும் விசை பின்சக்கரத்துக்குத்தான், அதையும் 'இழுவை இல்லை' என்றுதானே சொல்கிறோம்? அந்தச் சொல் திசையைச் சொல்லவில்லை, சக்கரத்தில் சேரும் வலுவைச் சொல்கிறது.

வகைகளின் பெயர் இன்னும் மோசம். மஹிந்திரா தார் ஜீப்பின் 4×4 (ஃபோர் வீல் டிரைவ்) வகையில் இருப்பதைப் 'பகுதிநேர' (பார்ட் டைம்) என்கிறார்கள். நேரமா விஷயம்? அதில் நடு டிஃபரன்ஷியல், அதாவது முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. லீவரை 4எச்சில், அதாவது நாலு சக்கரத்துக்கும் விசை போகும் நிலையில் போட்டால், முன்னும் பின்னும் விசை கொண்டுபோகும் ஷாஃப்டுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மணலில் அது வரம். காய்ந்த ரோட்டில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும், பூட்டு விடாது. எதிர்வீட்டுத் தம்பி 4எச்சிலேயே எங்கள் சந்தில் வண்டியைத் திருப்பினார். ஸ்டியரிங் கனத்தது, டயர் கிரீச்சிட்டது, வண்டி துள்ளித் துள்ளி நகர்ந்தது. 'பூட்டு இழுவை' என்று எழுதியிருந்தால் அவருக்கு முன்பே புரிந்திருக்கும். மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டாமா?

1980இல் வந்த ஆடி குவாட்ரோ கார் போல நடு டிஃபரன்ஷியலோடு எந்நேரமும் நாலுக்கும் விசை தருவது 'நிலை இழுவை'. ஆல் வீல் டிரைவ் என்று விற்கும் பல கார்களில் வழக்கமாக முன்சக்கரம்தான் வேலை செய்யும். அது வழுக்கினால் கிளட்ச் கவ்விப் பின்னுக்கும் பங்கு போகும். இதை 'அனைத்துச் சக்கர ஓட்டம்' என்கிறார்கள். ஓடாத சக்கரம் எந்தக் காரில் உண்டு? 'தேவை இழுவை' என்று எழுதுங்கள்.