டார்மன்சி: மொட்டின் உறக்கம்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர் யாரிடமும் 'டார்மிட்டரி' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. ஊழியர்கள் தங்கும் விடுதி, அவ்வளவுதான். 'டார்ம்' என்றே சுருக்கிச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கும் தோட்டக்கலையில் வரும் 'டார்மன்சி'க்கும் வேர் ஒன்றுதான். 'தூங்கு' என்று பொருள்படும் 'தோர்மீரே' என்ற லத்தீன் வினையிலிருந்து இரண்டும் பிறந்தன. ஒன்று தூங்கும் இடம், மற்றது தூங்கும் நிலை.

ஆப்பிள், பேரி, செர்ரி, பிஸ்தா, வால்நட் போன்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலத்தைக் கடக்கும்போது அவற்றின் மொட்டுகள் வளராமல் அடங்கிக் கிடக்கும். அந்த நிலைதான் டார்மன்சி. இதைத் தமிழில் எழுதும் பலர் 'செயலற்ற நிலை' என்று எழுதுகிறார்கள். அண்மையில் நண்பர் ஒருவரின் கட்டுரையைத் திருத்தியபோதும் அதே சொல்லைப் பார்த்தேன். அடித்துவிட்டு 'உறக்கம்' என்று எழுதினேன். ஏன் என்று அவர் கேட்டார். நேரில் பாதிதான் சொல்ல முடிந்தது.

அந்த மொட்டு சும்மா இல்லை என்பதுதான் காரணம். அடுத்த வசந்தத்தில் மலரப்போகும் ஆப்பிள் பூ, முந்தைய கோடையிலேயே மொட்டுக்குள் உருவாகத் தொடங்கிவிடும். செதில்கள் போர்த்திய அந்த மொட்டு, குளிர்காலம் முழுவதும் குளிரைக் கணக்கு வைக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே, ஆனால் உறைந்துபோகாத குளிரில் கழியும் மணி நேரங்களைக் கூட்டிப் பார்ப்பது பழைய, எளிய அளவுமுறை. பல ஆப்பிள் வகைகளுக்கு 800 முதல் 1,000 மணி நேரம் வேண்டும். 'அன்னா' போன்ற வகைகளுக்கு இருநூறு, முந்நூறு மணி நேரமே போதும். கணக்கு முடியாதவரை, நடுக்குளிர்காலத்தில் ஒரு வாரம் நன்றாக வெயிலடித்தாலும் மொட்டு ஏமாறாது. அப்படி ஏமாந்து விழித்துக்கொண்டால் அடுத்த உறைபனியில் கருகிவிடும்.

கணக்கு முடியாவிட்டால் என்ன ஆகும்? 2014–15 குளிர்காலம் கலிபோர்னியாவில் போதிய குளிரில்லாமல் கழிந்தது. பிஸ்தாவில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவில்லை. அந்த ஆண்டு அறுவடையில் ஓடு இருந்தும் பருப்பில்லாத காய்கள் ஏராளம். இவ்வளவும் நடப்பதை 'செயலற்ற' என்ற சொல்லால் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டு வேளாண் பாடங்களில் 'விதை உறக்கம்' என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதை ஒட்டி 'மொட்டு உறக்கம்' என்பதே நேரான சொல். மரத்துக்குத் தூக்கத்தைச் சொல்வது நமக்குப் புதிதும் அல்ல. இங்கே சிங்கப்பூரில் சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கும் மரத்துக்குத் தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்றுதானே பெயர்? மாலையானால் இலைகள் மடங்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் 'ஐந்து மணி' என்று பொருள்படும்படி 'பூக்குல் லீமா' என்கிறார்கள். ஆனால் அது ஓர் இரவுத் தூக்கம். ஆப்பிள் மொட்டினுடையது ஒரு பருவத் தூக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, இலைக்குத் 'தூக்கம்', மொட்டுக்கு 'உறக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

சரி, எல்லா உறக்கமும் ஒன்றா? 1987இல் லாங் முதலிய ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். நுனி மொட்டு வளர்ந்துகொண்டிருப்பதால் அதன் கீழே, இலையும் தண்டும் சேரும் இடங்களிலுள்ள மொட்டுகள் வளராமல் நிற்பது ஒன்று. இதை 'அடக்கம்' எனலாம். நுனியைக் கிள்ளினால் அவை கிளைக்கும். செடி வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்தது, தடை மொட்டுக்குள்ளேயே இருப்பது. குளிர்க்கணக்கு முடிந்தால்தான் அது நீங்கும். இதுவே உண்மையான 'உறக்கம்'. மூன்றாவது, கணக்கு முடிந்த பிறகும் வெளியே வெப்பம் வராததால் நிற்பது. மொட்டு தயார், வானிலை தயாராகவில்லை. அதற்குக் 'காத்திருப்பு' பொருந்தும்.

நடுவிலுள்ளதற்கு 'அறிதுயில்' என்று எழுத எனக்கு ஆசை. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமால் எல்லாவற்றையும் அறிந்தபடியே உறங்குவதைக் குறிக்கும் சொல் அது. குளிரை எண்ணியபடி உறங்கும் மொட்டுக்கு அதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கலைச்சொல்லாக 'உறக்கம்' போதும். அறிதுயிலை உவமையாக வைத்துக்கொள்வோம்.

அப்புறம், உறக்கம் கலைந்த பின் நடப்பது. ஆங்கிலத்தில் மொட்டு 'உடைகிறது' என்பார்கள். தமிழில் பானை உடையும், கரை உடையும். மொட்டு உடையாது, அவிழும். முடிச்சு அவிழ்வதும் மொட்டு அவிழ்வதும் ஒரே வினை. இறுகக் கட்டிய ஒன்று தானாகத் தளர்வதை அந்தச் சொல் காட்டிவிடுகிறது. பூவின் படிநிலைகளைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குக் குறைவில்லை. 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' என்ற குறளில் (1227) அரும்பு, போது, மலர் மூன்றும் வரிசையாக நிற்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. 'உடைகிறது' என்ற ஆங்கில வழக்கு பூமொட்டு, இலைமொட்டு இரண்டுக்கும் பொது. தமிழில் பூ அவிழும், இலை துளிர்க்கும். பாதாமில் இலைக்கு முன்பே பூ வந்துவிடும் என்பதால் அங்கே முதலில் வருவது அவிழ்தல். திராட்சையில் ஒரே மொட்டுக்குள் தண்டு, இலை, பூங்கொத்து எல்லாம் அடங்கியிருக்கும். அங்கே 'துளிர்ப்பு' என்பதே சரி. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்த கொடியைப் பார்த்து, துளிர் விட்டதா என்றுதான் கேட்பார்கள், மொட்டு உடைந்ததா என்று அல்ல.

இதெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். சிங்கப்பூரில் வெப்பநிலை 19 டிகிரிக்குக் கீழே இறங்கியதாகப் பதிவே இல்லை. ஆப்பிள் மொட்டுக்கு இங்கே ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் சேராது. கிழக்கு ஜாவாவில் 'பாத்து' (Batu) என்ற மலைப்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்து உறங்குவதற்கு முன்பே துளிர்த்துவிடும். ஆண்டுக்கு இரண்டு விளைச்சல்.

நம் தீவிலும் ஒரு மொட்டு குளிருக்காக நின்று காத்திருக்கிறது. தூங்குமூஞ்சிக் கிளைகளில் தானாகத் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட் செடியின் மொட்டு அது. ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும். பெருமழை கொட்டி, வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் மறுபடி வளரத் தொடங்கும். மழை பெய்த இடமெங்கும் சுமார் ஒன்பதாம் நாள் ஒரே காலையில் எல்லாச் செடிகளும் அவிழும். வெள்ளைப் பூ, நல்ல மணம். அடுத்த நாள் வாடிவிடும்.